வாசல் இல்லாத அறை

நேர்முகத்துக்குப் போன அன்று அந்தப் பேராசிரியை என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "உங்களுக்குத் தூசி ஒத்துக்கொள்ளுமா?" என்பதுதான்.

எத்தனை வருட அனுபவம், எந்தெந்த மென்பொருள் தெரியும் என்பதையெல்லாம் ஜெர்மன் மொழியில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். தூசியைப் பற்றி ஒன்றும் தயாரிக்கவில்லை. "ஒத்துக்கொள்ளும்" என்றேன். அவர் எழுந்துபோய் ஒரு தகர அலுமாரியைத் திறந்து காட்டினார். மேலிருந்து கீழ்வரை சுருட்டி வைத்த தாள்கள். ஒன்றை உருவி மேசையில் விரித்ததும் மடிப்புகளிலிருந்து சிவந்த மண் கொட்டியது. வெளியே ஹம்பேர்க்கின் ஒக்டோபர் மழை. நேர்முகத்துக்கென்று போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையின் கை விளிம்பில் கென்யக் கடற்கரையின் மண். அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, வேலை கிடைத்துவிட்டது என்று எப்படியோ எனக்குத் தெரிந்துவிட்டது.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. அகதியாக வந்து, மொழி படித்து, அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்துக் கட்டட வரைபடம் கீறுபவளானவள் நான். ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்தேன். பாலர் பள்ளி, சுப்பர்மார்க்கெட், மூன்று மாடிக் கார் தரிப்பிடம் என்று என் கையால் கீறாதது இல்லை. அவர் ஓய்வு பெற்று அலுவலகத்தை மூடியதும் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையில் அரைநாள் வேலை ஒன்று பத்திரிகையில் வந்தது. கையால் கீறிய பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான்.

வரைபடங்கள் ஒரு பாழடைந்த நகரத்தினுடையவை. கென்யாவில், கடல் உள்ளே புகுந்து வரும் ஒரு கழிமுகத்துக்குப் பக்கத்தில், காடு மூடிக்கொண்ட நகரம். ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன் சுவாகிலி மக்கள் அங்கே செழிப்பாக இருந்திருக்கிறார்கள். பள்ளிவாசல், கிணறுகள், தூண் வைத்துக் கட்டிய கல்லறைகள், நாற்பது வரையான வீடுகள். அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. சீனக் கிண்ணங்கள்கூடச் சுவரில் பதித்திருந்தார்களாம். பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். ஏன் போனார்கள் என்பதில் பேராசிரியைக்கு ஒரு கருத்து, மற்றவர்களுக்கு வேறு கருத்து. கிணற்றில் தண்ணீர் வற்றியது என்பார்கள், படையெடுப்பு என்பார்கள், கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குத் திரும்பின என்பார்கள்.

இருபது வருடமாக, கோடை விடுமுறைகளில் மாணவர்கள் மாறி மாறிப் போய் அந்தச் சுவர்களை அளந்து மில்லிமீற்றர் தாளில் கீறியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கை. ஒருவர் கல்லைக் கல்லாகக் கீறியிருப்பார். இன்னொருவர் சோம்பேறித்தனமாக இரண்டு கோடு இழுத்துவிட்டு, இடையில் 'கல்' என்று எழுதியிருப்பார். ஒரு தாளின் நடுவில் நசுங்கிக் காய்ந்த எறும்பு ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் ஏதோ குறி என்று நினைத்து முதலில் கணினியில் ஏற்றப் பார்த்தேன்.

சுவர்கள் கடற்பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. முருகைக்கல்லை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் மதில்கள் அந்தக் கல்லால்தான். ஆனால் ஒரு முழு நகரத்தையே அதில் கட்டியிருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. எந்த வீட்டை எடுத்தாலும் அறைகள் நீளமாக, ஒடுக்கமாக இருந்தன. நீளம் ஏழு எட்டு மீற்றர் போகும், அகலம் இரண்டரைக்கு மேல் போகாது. பணக்கார வீடும் அப்படித்தான், சின்ன வீடும் அப்படித்தான்.

இரண்டாவது வாரம் பேராசிரியையிடம் கேட்டேன். "இவ்வளவு வசதியாக இருந்தவர்கள் ஏன் ஒழுங்கை மாதிரி அறை கட்டினார்கள்?"

அவர் தன் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கண்டல் மரம் அவ்வளவுதான் நேராக வளரும். கூரையைத் தாங்குவது அந்த மரக்கம்புகள். கம்பின் நீளம்தான் அறையின் அகலம்."

அன்று ரெயினில் வீட்டுக்குப் போகும்போது அதையே யோசித்துக்கொண்டு போனேன். சேற்றில் நிற்கும் ஒரு மரம் ஒரு நகரத்தின் எல்லா அறைகளுக்கும் அளவு வைத்திருக்கிறது. கார் தரிப்பிடம் கீறிய காலத்தில் எனக்கு இப்படி ஒரு யோசனை வந்ததேயில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தாலும் ஒரு மணிவரை இருந்து தாள்களைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். விளக்கு வைக்கச் சுவரில் குடைந்த மாடங்கள், கம்பளம் தொங்கவிட அடித்த முளைகளின் துளைகள், தெருவைவிடத் தாழ்ந்த முற்றம். எதற்கு, எதற்கு என்று ஒவ்வொன்றையும் கேட்டேன். பேராசிரியை சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றுக்கு "தெரியாது" என்றார். அதைச் சொல்ல அவர் கொஞ்சமும் கூச்சப்படாதது எனக்குப் பிடித்திருந்தது.

வசந்தம் தொடங்கும்போது பதினொன்றாம் வீட்டுக்கு வந்தேன். நல்ல பெரிய வீடு. முற்றம், முற்றத்தைத் தாண்டி நீள அறை, அதன் பின்னால் இன்னொரு நீள அறை, அதற்கும் பின்னால் மூன்று மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்கு நான்கு பக்கமும் சுவர். வாசல் இல்லை.

தாள் அந்த இடத்தில் கிழிந்து, மஞ்சள் நிறமாகிப்போன ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. நாடாவுக்குக் கீழே கோடு சரியாகத் தெரியவில்லை. மற்ற வீடுகளில் பின் அறைக்கு வாசல் எங்கே வருமோ, சரியாக அந்த இடத்தில்தான் கிழிசல். ஏழு வருடமாக நான் ஒரு அறையை வாசல் இல்லாமல் கீறி அனுப்பியதில்லை. அப்படி அனுப்பினால் கட்டடக் கலைஞர் தாளைச் சுருட்டி என் தலையில் தட்டியிருப்பார். நாடாவுக்குக் கீழே மறைந்துபோயிருக்கிறது என்று முடிவுசெய்து, மற்ற வீடுகளில் இருந்ததுபோல் எண்பது சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு வாசலை வைத்தேன். பேராசிரியை அந்த வாரம் வெளியூரில். வந்ததும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மறந்தே போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் ஒரு மின்னஞ்சல். நாங்கள் அனுப்பிய புதிய வரைபடங்களைப் பார்த்துவிட்டு, அந்த நகரத்தைப் பராமரிக்கும் கென்ய அதிகாரி எழுதியது. அவர் அந்த ஊர்க்காரர், இடிபாடுகளுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். பேராசிரியை ஆங்கிலத்தில் இருந்ததை எனக்காக ஜெர்மனில் வாசித்தார்.

"பதினொன்றாம் வீட்டின் பின் அறையைத் திறந்துவிட்டதற்கு வாழ்த்துகள். நாற்பது வருடமாக நான் அந்த அறைக்குள் இடிந்த சுவர்மேல் ஏறிக் குதித்துத்தான் போகிறேன். வாசல் இருப்பது தெரியாமல் போய்விட்டதே."

எனக்குக் காது சுட்டது.

"இந்த வாசலை யார் வைத்தது?" என்று அவர் கேட்டார்.

"நான்தான்."

"தாளில் இருந்ததா?"

"இல்லை. தாள் கிழிந்திருந்தது. அறைக்கு வாசல் வேண்டும்தானே என்று…"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இது கட்டப்போகிற வீடு இல்லை. கட்டி முடிந்த வீடு" என்றார் மெதுவாக. பிறகு சுவரில் சாய்த்து வைத்திருந்த சுருளைக் காட்டினார். அடுத்த நாள் ஒரு மாநாட்டுக்குக் கொண்டுபோக அச்சடித்த பெரிய சுவரொட்டி. அதன் நடுவில் பதினொன்றாம் வீடு, என் வாசலோடு.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. சுவரொட்டியைத் தரையில் விரித்து, முழங்காலில் இருந்து, கறுப்பு நாடாவில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி அந்த வாசலை மூடினேன். ஆறு மில்லிமீற்றர் நீளம்கூட வராது. ஆனால் சரியாக ஒட்ட எனக்கு அரைமணி நேரம் எடுத்தது. பேராசிரியை குனிந்து பார்த்து, "தெரியவில்லை" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். அவருக்குத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. கோப்பி, தேயிலை, கொக்கோ மூட்டைகள் வந்து இறங்கும் இடம். பின்னேரம் நாலரைக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அறுநூறு வரியப் பழசான வீட்டுக்கு வாசல் வைச்சனீரோ?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வீட்டுக்காரரிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு முகத்திலை முழிக்க ஏலாமல் கிடக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அது சரி, வாசல் இல்லாட்டி எப்பிடி உள்ளை போறது?" என்று கேட்டார்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சேமிப்பு அறையா இருக்கலாம், மேலாலை ஏணி வைச்சு இறங்கியிருப்பினம் எண்டு பேராசிரியை ஆக்கள் நினைக்கினம். ஆனா ஆருக்கும் வடிவாத் தெரியாது."

"மேலாலையோ?" அவருடைய முகம் மாறியது. வேலைத்தலத்துக் கதை என்றால் அவர் இப்படித்தான். "மேலாலை மூட்டையை இறக்கலாம். ஆனா திருப்பி எடுக்கிறது பெரிய கரைச்சல். பாரமான சாமான் வைச்சிருக்கமாட்டினம். சின்னச் சாமான், விலை கூடின சாமான். ஆரும் டக்கெண்டு போய் எடுக்க ஏலாத மாதிரி."

"அப்ப தானியம் இல்லையோ?"

"ஒவ்வொரு நாளும் சமையலுக்கு ஏணியிலை ஏறி இறங்குறதோ? எந்த மனிசி அதுக்கு ஓம் எண்டுவா?"

வெட்கம் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஆவலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாளே தகர அலுமாரியில் பதினொன்றாம் வீட்டின் எல்லாத் தாள்களையும் தேடத் தொடங்கினேன்; எடுத்து முடிய ஒரு கிழமை சென்றது. நான் அதுவரை தரைப்படங்களை மட்டுமே ஏற்றியிருந்தேன். சுவர்களை நேரே நின்று பார்த்துக் கீறிய தாள்கள் வேறொரு கட்டுக்குள் இருந்தன. சின்ன அறையின் கிழக்குச் சுவர் நல்ல உயரத்துக்கு நின்றிருந்தது. அதன் மேல் விளிம்பில், கூரைக் கம்புகள் சொருகிய துளைகளை அந்த மாணவர் ஒவ்வொரு வட்டமாகக் கீறியிருந்தார். சோம்பேறி இல்லாத கை. இடமிருந்து ஐந்து துளைகள், ஒரே சீரான இடைவெளியில். பிறகு ஒரு வெறுமை. பிறகு மறுபடி நான்கு துளைகள்.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வெறுமை இருந்த இடத்தில் ஒரு துளை, அதிகம் போனால் இரண்டு வந்திருக்க வேண்டும். ஒரு ஆள் இறங்கக்கூடிய அகலம்.

உடனே அங்கே ஒரு திறப்பைக் கீறிவிட ஆசையாக இருந்தது. ஆனால் இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மாணவர் கீற மறந்திருக்கலாம். கல் விழுந்து துளை அடைபட்டிருக்கலாம். தாளைத் தூக்கிக்கொண்டு பேராசிரியையிடம் போனேன். அவர் மாநாட்டிலிருந்து திரும்பியதிலிருந்து எங்களுக்குள் காலை வணக்கத்தைத் தவிரப் பேச்சு இருக்கவில்லை. அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"எனக்கு இது தெரியாது" என்றார். "இருபது வருடமாக என் அலுமாரியில் இருந்திருக்கிறது. நீங்களே கென்யாவுக்கு, அந்த அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள்."

என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். அந்த மின்னஞ்சலை எழுத எனக்கு இரண்டு காலை வேளைகள் போயின. முதல் வரியிலேயே, வாசல் வைத்தவள் நான்தான் என்று எழுதிவிட்டேன். அதை ஒளித்துவிட்டு மிச்சத்தைக் கேட்க மனம் வரவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது, நான்கு படங்களோடு. ஏணி கொண்டுபோய் ஏறிப் பார்த்திருக்கிறார். வெறுமை உண்மைதான். அங்கே துளையே வெட்டப்படவில்லை, சாந்து பூசியது அப்படியே இருக்கிறது. ஆனால் எதிர்ச் சுவர் நெஞ்சு உயரத்துக்கு இடிந்துவிட்டதால் அந்தப் பக்கமும் இப்படித்தானா என்று சொல்ல முடியாது. கடைசியில் எழுதியிருந்தார்: "இவ்வளவு வருடமும் உள்ளே குதிக்கும்போது தரையைப் பார்த்தே குதித்தேன். மேலே பார்க்கவில்லை."

பேராசிரியை தரைப்படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோட்டுச் சதுரம் போடச் சொன்னார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என்னால் போட முடிந்த கேள்விக்குறிகளிலேயே அழகானதைத் தேடிப் போட்டேன்.

அடுத்த வருடம் நவம்பரில் அந்த அதிகாரி இரண்டு வாரத்துக்கு ஹம்பேர்க் வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். இரவல் வாங்கிய தடித்த கோட்டுக்குள் காணாமற்போயிருந்தார். என் மேசைக்கு வந்து நின்று, "வாசல் வைத்த தாதா நீங்களா?" என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். சுவாகிலியில் தாதா என்றால் அக்காவாம். எங்கள் சினிமாவில் தாதா என்றால் யார் என்று நான் விளக்கியதும், அந்தக் கோட்டு முழுவதும் குலுங்கும்படி சிரித்தார். போகும்வரை என்னை அப்படியேதான் கூப்பிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் நண்டும் முருங்கைக்காயும் வாங்கி வந்து, தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன். அவர் கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். "உறைப்பு அதிகம், ஆனால் தேங்காய்ப்பால் எங்கள் வீட்டுத் தேங்காய்ப்பால்தான்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பால்தான்.

என் கணவருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. உடைந்த ஆங்கிலத்தில் அறையைப் பற்றித் தொடங்கிவிட்டார். மூட்டை ஏற்றுவது, இறக்குவது, எலி, ஈரம், களவு. வந்தவர் கையைக் கழுவாமலே இருந்து கேட்டார்.

"எங்கள் ஊரில் அதை ஜின்னின் அறை என்பார்கள்" என்றார். "மனிதர் குடியிருக்கும் அறைக்குத்தான் வாசல் வேண்டும், ஜின்னுக்கு எதற்கு என்று. என் அம்மா அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பார். அதனால்தான் நான் முதலில் போனேன்."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உள்ளே என்ன இருந்தது?" என்று நான் கேட்டேன்.

"பேராசிரியை தானியம் என்கிறார். நான் துணியும் மணியும் என்கிறேன். குஜராத்துத் துணியை அந்தக் காலத்தில் காசு மாதிரி வைத்திருந்தார்கள்." அவர் என் கணவரைப் பார்த்தார். "இவர் சொல்வதைக் கேட்டால் நான் சொல்வதுதான் சரி."

"நான் இதைத்தான் முதல் நாளே சொன்னனான்" என்றார் கணவர் என்னிடம், தமிழில்.

ஹம்பேர்க்கில் குளிர்காலம் முடிந்ததும், அங்கே மழை தொடங்குவதற்கு முன்பாக, அந்த அறைக்குள் அகழ்ந்தார்கள். ஒரு மூலையில் மட்டும், இரண்டு மீற்றருக்கு ஒரு மீற்றர். அறிக்கை வர ஐந்து மாதம் எடுத்தது. வந்த அன்று பேராசிரியை கென்ய அதிகாரியை அழைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

மேலே முழுவதும் விழுந்த கூரையின் சுண்ணாம்புக் கட்டிகள். அவற்றுக்குள் ஒரு கட்டி மற்றவை மாதிரி உடைந்த விளிம்போடு இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு பக்கமும் அழகாகச் சாந்து பூசி, ஓரம் உருட்டிய விளிம்பு. கூரையில் ஏதோ ஒரு திறப்பின் ஓரம்.

"இப்போது கேள்விக்குறியை எடுக்கலாம்" என்றது தொலைபேசிக் குரல்.

"ஒரு துண்டு போதாது" என்றார் பேராசிரியை. "பக்கத்து அறைக் கூரையிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம்."

"பக்கத்து அறைக்கு வாசல் இருக்கிறதே. அதற்கு எதற்குக் கூரையில் திறப்பு?"

கால்மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல். கடைசியில் பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அவர் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "துளையும் இல்லை, விளிம்பும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன" என்றேன். "ஆனால் நான் ஒருமுறை பிழை விட்டவள்."

"அதனால்தான் கேட்கிறேன்" என்றார் அவர்.

கேள்விக்குறி போனது. புள்ளிக்கோடு இருந்தது. அடிக்குறிப்பில் இருவருடைய கருத்தையும் தனித்தனியாக எழுதினார்கள். தானியமா துணியா என்பதற்கு விடையே கிடைக்கவில்லை. கூரைக் கட்டிகளை அகற்றியபின் கீழே வந்தது வழுவழுப்பான சுண்ணாம்புத் தரை. அதன்மேல் ஒரு மணி இல்லை, ஒரு தானியம் இல்லை, ஓட்டுத் துண்டு இல்லை. அகழ்ந்தவர்கள் மண்ணை இரண்டு முறை அரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சமையலறை யன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாக் கூட்டித் துடைச்சிருக்கினம்" என்றார்.

"ஒண்டும் இல்லையே எண்டு நான் கவலைப்படுறன். நீங்கள் துடைச்சதைப் பாக்கிறியள்."

"இல்லையப்பா. அவசரப்பட்டு ஓடியிருந்தா சாமான் கிடந்திருக்கும். உடைஞ்ச பானையாவது கிடந்திருக்கும். நாங்கள் வெளிக்கிட்ட வீட்டிலை எவ்வளவு கிடந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே." அவர் படத்தை என் கையில் தந்தார். "இவையள் ஏணி வைச்சு இறங்கி, எல்லாத்தையும் ஒவ்வொண்டா எடுத்து மேலை குடுத்து, பிறகு கூட்டிப்போட்டுத்தான் போயிருக்கினம். நேரம் இருந்திருக்கு."

நான் படத்தை மறுபடி பார்த்தேன். வெள்ளைத் தரை, அதன் ஓரத்தில் அளவு காட்ட வைத்த கறுப்பு வெள்ளைக் கோல். படையெடுப்பு என்று சொல்பவர்களுக்கு இந்தத் தரை என்ன பதில் சொல்லும் என்று யோசித்தேன். ஒரு வீட்டின் ஒரு மூலையை வைத்து ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்று பேராசிரியை சொல்வார் என்பதும் தெரிந்தது. இருந்தாலும் அடுத்த நாள் காலை அவரிடம் இதைக் கேட்க வேண்டும் என்று, மறந்துபோகாமலிருக்க, ரெயின் பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.